சரியாகிவிட்டது, நன்றி

பொதுமக்கள் கவனத்திற்கு ஒரு துயரச் செய்தி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே இருக்கும் பரோட்டாக் கடையில், சென்ற செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் மாறுகிற வேளையில், டோக்கன் எண் முப்பத்தேழுக்கு உரிய இரண்டு பரோட்டாக்களும் ஒரு கிண்ணம் சால்னாவும் அழைப்பாரின்றிக் கவுண்டரின் மேலேயே ஆறிக் காலமாயின. வாங்கிக்கொள்ள வேண்டிய பீகார் அண்ணன், தன் பரோட்டா போய்ச் சேர்ந்தது தெரியாமல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கோழிச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சூடாக வேறு போட்டுக் கொடுத்தார்கள். காலமானவற்றின் இறுதிக் காரியத்தை அடியேன் நடத்தி வைத்தேன். மிச்சம் வைக்கவில்லை.

சிரித்துவிட்டாயா? சரி, இப்போது கேள். அந்த டோக்கனை ஏன் யாரும் அழைக்கவில்லை தெரியுமா? அழைக்க வேண்டியவன் நீ. உன் குரல் கடையில் நின்றுபோயிருந்தது, தாசில்தாரே.

இதை எழுதும்போது என் ஆட்காட்டி விரலில் ஒரு வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. சுட்ட எண்ணெயும் மைதா மாவும் தூசியும் சேர்ந்து இறுகிய வாசனை. அது எங்கிருந்து ஒட்டியது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வாதியும் நான், வக்கீலும் நான். நீ வாய்தா வாங்க முடியாத இடத்துக்குப் போய்விட்டதால் ஒருதலைப்பட்சமாகவே நடத்துகிறேன்.

முறைப்படியே நடத்துகிறேன், பயப்படாதே. "கேக்கறவனுக்கு மட்டும் புரிஞ்சா அது கேள்வி இல்லடா. வழியில போறவன் படிச்சாலும் புரியணும்" என்பாய் அல்லவா? ஆகவே பின்னணியிலிருந்து தொடங்குகிறேன்.

கடை உன் அப்பாவுடையது. நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். "பாய்" என்று கூப்பிட்டால் பரோட்டா வரும், "அத்தா" என்று கூப்பிட்டால் கூடவே ஒரு முட்டையும் வரும் என்று ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தவன் நான். ஷிஃப்ட் விட்டதும் கம்பெனி பஸ்களிலிருந்து கூட்டம் மொத்தமாக இறங்கும். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே பசி. அத்தா டோக்கன் எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நீ காயலான் கடையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வந்து, லினக்ஸ் போட்டு, ஒரு புரோகிராம் எழுதினாய். எண்ணைத் தட்டினால் ஸ்பீக்கர் அதைத் தமிழில், தெலுங்கில், இந்தியில் கூப்பிடும். குரல் உன்னுடையது.

அந்தக் குரலைப் பதிவு செய்த பகல் நினைவிருக்கிறதா? மாவு மூட்டைகளுக்கு நடுவே நீ உட்கார்ந்திருந்தாய், வெளிச்சத்தம் கேட்கக் கூடாதென்று தலைக்கு மேல் கம்பளி. வைகாசி வெயிலில் கம்பளி! நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தமிழ் முடிந்தது. தெலுங்கு நமக்கு அடுத்த வீட்டு மொழி, அதுவும் முடிந்தது. இந்தியில்தான் மாட்டினாய்.

"முப்பது வரைக்கும் ஓகேடா. அதுக்கு மேல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு புதுப் பேரு வெச்சிருக்கானுங்க. இன்னா பேஜாரு இது!"

"தனித்தனியா சொல்லு மச்சான். தீன், சாத். முப்பத்தேழு. முடிஞ்சிது மேட்டரு."

"அது தப்புடா."

"பரோட்டா வாங்க வர்றானா, இந்திப் பரீட்சை எழுத வர்றானா?"

அப்படியே சொன்னாய். வடநாட்டு அண்ணன்கள் சிரித்துக்கொண்டே வந்து வாங்கிப்போனார்கள். கடைசியாக நூறாம் எண். நான் கம்பளிக்குள் கையை விட்டு உன் விலாவில் குத்தினேன். "நூறு... டேய், சிரிக்காதடா நாயே" என்று பதிவாகிவிட்டது, பின்னணியில் என் சிரிப்போடு. அதை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எடுக்கவில்லை. கூட்டம் நூறைத் தொடும் நாளில் கடையே கைதட்டும்.

இனி மன்றத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் சந்தேகங்களைத் தமிழிலேயே கேட்கவும் சொல்லவும் இருக்கிற அந்த இணைய மன்றத்தில்தான் நீயும் நானும் குடியிருந்தோம். நீ வாசலில், நான் கொல்லையில். அதை நடத்துகிறவருக்கு மட்டுறுத்துநர் என்று பெயர். உனக்கு அந்தப் பதவிகூட இல்லை, சம்பளமில்லாத உறுத்துநர். புதிதாக வருகிறவன் எவனாவது "உதவி! அவசரம்!" என்று தலைப்பு வைத்தால் போதும், போய் நிற்பாய். "தலைப்பில் சிக்கலைச் சொல்லுங்கள். எந்தக் கணினி? என்ன செய்தீர்கள்? திரையில் என்ன வந்தது? இதுவரை என்னென்ன முயன்றீர்கள்?" சாதிச் சான்றுக்கு வந்தவனிடம் ஆதாரம் கேட்கிற மாதிரி கேட்பாய். அதனால்தான் உனக்குத் தாசில்தார் என்று நான் பெயர் வைத்தேன். திரையைப் போட்டோ பிடித்து, அதில் பாதியைக் கட்டைவிரல் மறைக்க, சாய்வாகப் போடுகிறவர்களைக் கண்டால் உனக்கு ரத்தம் கொதிக்கும்.

"எழுத்தா போடச் சொல்லுடா. இதே பிரச்சன நாளைக்கி வேற ஒருத்தனுக்கு வரும். அவன் தேடுனா எழுத்துதான் ஆப்புடும். போட்டோவுக்குள்ள இருக்கறது எவனுக்கும் ஆப்புடாது."

நான் செய்த தொண்டு வேறு வகை. 'முத்துக்குவியல்' என்று மன்றத்தில் ஒரு பக்கம் தொடங்கி, வருகிற கேள்விகளில் அசட்டுத்தனமானவற்றைப் பொறுக்கிப் போட்டு வந்தேன். "என் கணினி வேலை செய்யவில்லை, ஏன்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "இன்று அதற்கு வார விடுமுறை" என்று கீழே எழுதினேன். மன்றத்திலேயே அதிகம் பேர் படித்த பக்கம் என்னுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

உன்னையும் விட்டேனா? நீ பொன்னேரியில் டிப்ளமோ முதல் வருடம், நான் அதே ஊரில் ப்ளஸ் ஒன். காலை ரயிலில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஒருநாள் கும்மிடிப்பூண்டியில் வண்டி கிளம்பும்போதே 'அப்பாவி' என்ற பொய்ப் பெயரில் ஒரு கேள்வி போட்டேன். தலைப்பு: "அவசரம்!!! யாராவது!!!" கேள்வி: "என் கணினியில் அது வரவில்லை." நீ உடனே போனை எடுத்தாய். "எது வரவில்லை?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தட்டினேன்: "அதுதான்." "எப்போதிலிருந்து?" "அப்போதிலிருந்து." கவரைப்பேட்டை போயிற்று. நீ சலிக்கவே இல்லை.

"பாவம்டா, யாரோ வயசானவரு போல. கோவப்படாம கேக்கணும்" என்று என்னிடமே சொன்னாய்.

எனக்குத் தொண்டைக்குள் சிரிப்பு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ என் போனை எட்டிப் பார்த்தாய்.

"நீயாடா?"

பையால் அடித்த அடியில் எதிர் சீட்டு அக்கா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். பொன்னேரியில் இறங்கும் முன் நீ அந்தக் கேள்வியின் கீழ் கடைசியாக ஒன்று எழுதினாய்: "கேட்டவர் என் பக்கத்து சீட்டில் இருக்கிறார். சிக்கல் தீர்ந்தது. தீர்வு: முதுகில் நான்கு அடி." விளையாட்டுக் கேள்விக்குக்கூட எப்படித் தீர்ந்தது என்று எழுதியவன் நீ. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள். என் வழக்கின் முதல் சாட்சியம் இதுதான்.

ஏனென்றால் உன் சட்டங்களிலேயே பெரிய சட்டம் அது. கேட்டவன் பதில் கிடைத்ததும் ஓடக் கூடாது. தானே கண்டுபிடித்திருந்தாலும் திரும்பி வந்து, எப்படிச் சரியானது என்று எழுத வேண்டும். ஒருவர் இரண்டு நாள் எல்லோரையும் படுத்தி எடுத்துவிட்டு, "சரியாகிவிட்டது, நன்றி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு போனார். அன்று உன் அம்மா கட்டிக் கொடுத்த நாஷ்டாவைக்கூடத் தொடவில்லை நீ.

"நன்றியாம், நன்றி! மழத்தண்ணில நடக்கறதுக்குப் பலக போட்டுக் குடுத்தா, தாண்டிப் போயி பலகையவும் உருவிக்கினு போறான் பாரு. அடுத்தவன் எப்டிடா வருவான்?"

அப்படிச் சொன்ன நீ எனக்குச் செய்த முதல் துரோகம் ஒரு திங்கட்கிழமை. மழைக்காலம், ஊரெல்லாம் காய்ச்சல். "வெறும் ஜொரம்டா. திங்கக்கெழம வந்துடுவேன். சீட்டு போட்டு வை" என்று எழுதியிருந்தாய். போட்டு வைத்தேன். ஜன்னல் சீட்டில் என் பையை வைத்துவிட்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று கவரைப்பேட்டை வரை சண்டை போட்டேன். வேட்டி கட்டிய ஒருவர், "எந்த ஆளுப்பா? எங்க வருது?" என்று கேட்டார். பொன்னேரியில் இறங்கும்போதுதான் போன் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. சீட்டு போட்டு வைக்கச் சொன்னவன் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி.

நீ போனபின்னும் கடையில் நீ கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். முதல் வாரம் அதைக் கேட்டு உன் அம்மா கவுண்டரை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு பழகிக்கொண்டார். பழகினாரா, பழகினதாகக் காட்டினாரா, எனக்குத் தெரியாது. ஒரு பிற்பகல், கூட்டமே இல்லாத நேரம், நான் பின்பக்கமாக நுழைந்தேன். அத்தா மட்டும் இருந்தார். எண் பன்னிரண்டைத் தட்டினார். "டோக்கன் நம்பர் பன்னெண்டு, வாங்க" என்றாய் நீ. "வரேன், வரேன்" என்றார் அவர். மறுபடி தட்டினார். மறுபடி, "வரேன்டா."

என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். "மிஷினு ஓடுதான்னு பாத்தேன் நைனா" என்றார். நானும் "ஓடுது அத்தா" என்றேன்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் கடையை மூலைமுடுக்கு விடாமல் கழுவித் துடைப்பது உங்கள் வழக்கம். இந்த வருடமும் அத்தா துடைத்தார். மறுநாள் காலை எண்ணைத் தட்டினால் திரையில் எண் வருகிறது, குரல் வரவில்லை. நான் பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது அவர் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஈரத் துணி.

"தண்ணித் துணியால தொடச்சிட்டேன் நைனா. உள்ள தண்ணி பூந்திருக்குமா? நானே அவன் வாய அடச்சிட்டனா?"

உன் மாமா, அம்மாவின் தம்பி, அங்கேயே இருந்தார். "வுடுங்க மச்சான். ரெடிமேடு மிஷினு இருக்குது. லேடீஸ் வாய்ஸு, சோக்கா கூப்புடும். வெள்ளிக்கெழம சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடறேன். இத காயலான் கடைக்கே திருப்பிப் போட்டுடலாம்" என்றார்.

அத்தா கையிலிருந்த துணியை மட்டும் பிழிந்தார். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

நான் முதலில் செய்தது உன் பதிவுகளை என் போனுக்கு மாற்றியதுதான். அத்தாவின் காதருகே பிடித்துப் போட்டேன். கேட்டார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது போன்ல இருக்கற புள்ள நைனா. கடைக்கி வந்து வேல செய்யிற புள்ள வேற."

அப்போதுதான் சவுண்டு விட்டேன். சவுண்டே இல்லாத கடையில் நின்றுகொண்டு நான் விட்ட சவுண்டு உனக்குக் கேட்டிருக்கும். "அத்தா, என்கிட்ட உட்ருங்க. தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதெல்லாம் சாஃப்ட்வேர் மேட்டரு. வெள்ளிக்கெழமைக்குள்ள அவனப் பேச வெக்கல, எம்பேர மாத்திக்கிறேன்."

ப்ளஸ் டூ தேர்வுக்குப் படிக்க வேண்டியவன், பள்ளி விட்டதும் நேராக உன் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒலி தொடர்பான எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். பழையதைப் போட்டேன், புதியதைப் போட்டேன். ஒலியைக் கூட்டுகிற இடங்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் உச்சத்துக்கு ஏற்றினேன். நூறு சதவீதத்துக்கு மேலும் ஏற்ற ஒரு வழி இருக்கிறது, அதையும் கண்டுபிடித்து ஏற்றினேன். ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் பச்சைக் கோடுகள் குதிக்கின்றன. அதாவது நீ பேசிக்கொண்டிருக்கிறாய். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. இதற்கிடையில் அத்தா பழையபடி தொண்டையால் கத்திக் கத்திக் குரல் உடைந்துபோனார். செவ்வாய்க்கிழமை முப்பத்தேழாம் எண் பரோட்டா காலமானது அப்படித்தான்.

அன்றுதான் மன்றத்தில் கேட்டேன். கேள்வியா அது? அழகு! தலைப்பிலேயே சிக்கல். பெட்டியின் விவரம். திரையில் வந்தது எழுத்தாக. "இதுவரை முயன்றவை" என்று உன் பாணியில் வரிசை. நீ பார்த்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பாய். முதல் பதில் யாரோ ஒரு பெரியவரிடமிருந்து வந்தது: "தம்பி, ஒயரைச் சரியாகச் சொருகியிருக்கிறீர்களா?"

எனக்கு வந்ததே கோபம். "ஐயா, ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறது. நான் ஒயர் வகுப்பில் தேறிப் பல வருடம் ஆகிறது" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? அவர் கேட்டதை எடுத்து முத்துக்குவியலிலும் போட்டேன்.

அடுத்து மட்டுறுத்துநர் வந்து என் கேள்வியைப் பூட்டினார். "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது. பார்க்க" என்று ஒரு சுட்டி. தொட்டேன். நீ.

அதே பெட்டி. அதே சிக்கல். போன வருடம், இதே நோன்புக்கு முந்தின வாரம், உன் பெயரில் உன் கேள்வி. ப்ளஸ் ஒன் திருப்புதல் தேர்வுக்காக என் போனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிய நாட்கள் அவை, அதனால் நான் பார்க்கவில்லை. உன் "இதுவரை முயன்றவை" வரிசையை விரல் வைத்து என்னுடையதோடு ஒப்பிட்டுப் படித்தேன். நான் செய்த எல்லாவற்றையும் நீ அப்போதே செய்திருந்தாய். கீழே அதே பெரியவர் உன்னிடமும் கேட்டிருந்தார்: "ஒயரைப் பார்த்தீர்களா?" நீ எழுதியிருந்தாய்: "ஐயா, நான் இம்மன்றத்துக்குப் புதியவன் அல்லன்." அல்லனாம், அல்லன்! கோபம் வந்தால் உனக்குச் செந்தமிழ் வரும்.

பரபரவென்று கீழே போனேன். பதில் இருக்கிறது, நீ கண்டுபிடித்திருப்பாய், எழுதியிருப்பாய், நீ எழுதாமல் வேறு யார் எழுதப்போகிறார்கள்? நீ செத்தும் எனக்குச் சொல்லித்தரப்போகிறாய் என்று ஒரு நிமிடம் எனக்குப் புல்லரித்தது. கடைசிப் பதிவு உன்னுடையதுதான்.

"சரியாகிவிட்டது, நன்றி."

அவ்வளவுதான். அதற்குக் கீழே யாரோ "எப்படி?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "எனக்கும் இதே சிக்கல், தயவுசெய்து சொல்லுங்கள்" என்றிருந்தார். நீ பதில் போடவில்லை.

அடப்பாவி. நடுவில் செத்துப்போனாய் என்றால்கூட மன்னித்திருப்பேன். அதன்பின் மழைக்காலம் வரை இருந்தாயே! ஊரில் இருக்கிறவன் கேள்விக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாயே! தினமும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பலகைக் கதை பேசினாயே! உன் பலகையை உருவிக்கொண்டு போனவன் நீயே. உன் குரலை மீட்கிற வழியை நீயே கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதாமல் போய்விட்டாய். அந்தப் பக்கம் உன் அத்தா ஈரத் துணியை வைத்துக்கொண்டு அழுகிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொன்னால் சிரிப்பாய். அந்த இரண்டு பேருக்குக் கீழே நானும் "எப்படி?" என்று எழுதினேன். பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம். மாமா சாயங்காலம் வருவார். தோற்றுப்போனேன் என்று சொல்ல வாய் வராமல், பெட்டியைக் கழற்றித் தருகிறேன் என்று அத்தாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். கவுண்டருக்கு அடியில், சுவரைப் பார்த்து இருந்த அந்தப் பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பினேன். துணி எட்டாத முதுகெல்லாம் மாவும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். அது இருந்த ஓட்டையின் ஓரத்தை, சும்மா, விரலால் தேய்த்தேன். அடை உரிந்தது. உள்ளே ரோஸ் கலர்.

பக்கத்து ஓட்டையைத் தேய்த்தேன். பச்சை.

ரோஸ் மைக்குக்கு உரியது. ஸ்பீக்கர் பச்சையில் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குக் கரண்ட் வேறு வழியாக வருவதால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. துடைப்பதற்காக அத்தா எல்லா ஒயரையும் பிடுங்கியிருக்கிறார். துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்து, பத்திரமாக, பக்கத்து ஓட்டையில் சொருகியிருக்கிறார். போன வருடமும் அதையேதான் செய்திருக்கிறார்.

பச்சையில் சொருகினேன். சோதனைக்காகப் பதினேழாம் எண்ணை விடாமல் ஓடவிட்டிருந்தது எனக்கு மறந்தே போயிற்று. எல்லா இடத்திலும் ஒலியை உச்சத்தில் ஏற்றி வைத்திருந்ததும்.

"டோக்கன் நம்பர் பதினேழூ!"

நீ போட்ட சத்தத்தில் மாஸ்டர் வீசிக்கொண்டிருந்த பரோட்டா மாவு அவர் தோளிலேயே விழுந்தது. ரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டது. டோக்கனே வாங்காத ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பதிஏடூ! சத்ரா!" என்று தெலுங்கிலும் இந்தியிலும் நீ அடுத்தடுத்து அலறினாய். அத்தா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார், கரண்டியிலிருந்து சால்னா தரையில் சொட்டுகிறது.

"கொறைக்கட்டுமா அத்தா?" என்று கத்தினேன்.

"வாணாம் நைனா. கத்தட்டும்."

நான் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்தபடி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்புதானா என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா குனிந்து என்னைப் பார்த்தார்.

"போன வருசமும் அவன் இப்டித்தான், இதே எடத்துல, தலையில அடிச்சிக்கினு சிரிச்சான். இன்னாடான்னேன். 'ஒண்ணும் இல்லம்மா. அத்தாகிட்ட கேக்காத, பாவம், மனசு கஷ்டப்படுவாரு. அவன்கிட்ட மட்டும் வாயே தொறக்காத, மன்றத்துல போட்டு ஒரு வருசம் கிண்டலடிச்சி ஓட்டுவான்'னான். இன்னான்னு நானும் கேக்கல கண்ணு. இன்னா அது?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன் நானும்.

இதுதான் வழக்கு, தாசில்தாரே. சட்டத்தை மீறினாய், அது மன்றத்தின் பாடு. ஆனால் "அவன்கிட்ட மட்டும்" என்றாயே. ஊர் முழுக்கச் சொல்லலாம், எனக்கு மட்டும் கூடாது. உன் விலாவில் குத்திய கை இது, உனக்குச் சீட்டு போட்ட பை இது. உன் அத்தாவை நான் முத்துக்குவியலில் போடுவேன் என்றா நினைத்தாய்? உன்னை ஓட்டியிருப்பேன். ஒயரை ஓட்டியிருப்பேன். அத்தாவை மாட்டேன். சரி, ஒரு வாரம். ஒரு வாரத்துக்கு மேல் சத்தியமாக இல்லை. அதைத் தெரிந்து வைத்திருந்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாமாவின் லேடீஸ் வாய்ஸ் டப்பா திரும்பிப் போயிற்று. "இன்னா நைனா ஆச்சி? தண்ணிதானா?" என்று அத்தா என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "தண்ணி இல்ல அத்தா. சாஃப்ட்வேருதான். உள்ள ஒரு செட்டிங்கு மாறிப்போச்சி. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். "அவன் இருந்தா உன்ன மெச்சிக்கினு இருப்பான்" என்றார். இரண்டு முட்டை வந்தது. தின்றேன். சாயங்காலம் டோக்கன் நூறைத் தொட்டது. நீ என்னை நாயே என்றாய். கடை கைதட்டியது. அந்தச் சிரிப்பு ஒன்றுதான் உன்னோடு சேர்ந்து நான் சிரித்ததில் மிச்சம். அதை எங்கே போனாலும் போனில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சபதம் எடுத்தேன். நான் உன்னைப் போல ஓடுகாலி இல்லை. உன் கேள்விக்குக் கீழே, ஒன்று விடாமல் எழுதுவேன். நீ உருவிக்கொண்டு போன பலகையை நான் திரும்பப் போடுவேன். மன்றமே எழுந்து நிற்கும். எழுதவும் எழுதினேன். பெட்டியைத் திருப்புங்கள், அடையைத் துடையுங்கள், ரோஸ், பச்சை என்று நீளமாக, முறையாக. அனுப்பும் முன் ஒருமுறை படித்தேன். அந்தக் கடை யாருடையது என்று மன்றத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். ஒயரைப் பார்த்தீர்களா என்று கேட்ட பெரியவருக்கு நான் எழுதிய பதில் அங்கேயே இருக்கிறது, முத்துக்குவியலில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் வரிசையும் இருக்கிறது.

முத்துக்குவியலிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். நான் எழுதியதை அழித்தேன். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, உன் வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி போட்டேன்.

"எனக்கும் சரியாகிவிட்டது, நன்றி."

இன்று காலை அந்தப் பெரியவர் வந்து கேட்டிருக்கிறார்: "எப்படி தம்பி?"

பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் மச்சான்.